ஒன்றுக்கு டிக் வைத்தால் இன்னொன்றிலும் ஏன்?

ஆண்ட்ராய்டில் முதன்முதலாகப் பட்டியல் எழுதுகிறவர்களைக் குழப்பும் காட்சி இது. மூன்றாவது பெயருக்கு டிக் வைத்துவிட்டுக் கீழே தள்ளினால், நாம் தொடவே தொடாத ஏதோ ஒரு பெயரும் டிக்கோடு வந்து நிற்கும். பேய் வேலை இல்லை, சிக்கனம்.

பட்டியலில் 1,000 பெயர் இருந்தாலும் திரையில் தெரிவது பத்துப் பன்னிரண்டுதான். அதனால் 2014-இல் கூகுள் கொண்டுவந்த ரீசைக்ளர்வியூ, திரைக்குத் தேவையான வரிகளோடு கொஞ்சம் உபரி மட்டுமே உருவாக்குகிறது. மேலே மறைந்த வரியை, கழுவாத டம்ளர் மாதிரி எடுத்து அடுத்த பெயரை ஊற்றிக் கீழே வைக்கிறது. பெயர் மாறும், பழைய டிக் ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஆகவே தேர்வை வரியில் சேமிக்காதீர்கள். தேர்ந்தெடுத்தவற்றின் ஐடிகளைத் தனியாக ஒரு செட்டில் வையுங்கள். வரியில் பெயரை நிரப்பும் ஆன்பைண்ட்வியூஹோல்டர் ஓடும் ஒவ்வொரு முறையும், அந்தப் பெயரின் ஐடி செட்டில் இருக்கிறதா என்று பார்த்து செக்பாக்ஸை நிரப்புங்கள், அல்லது காலி செய்யுங்கள். நிரப்ப மட்டும் எழுதிவிட்டு, காலி செய்வதை விட்டுவிடுவதில்தான் பெரும்பாலும் கோளாறு. ஐடிக்குப் பதில் வரிசை எண்ணை வைத்தால், நடுவில் ஒன்றை நீக்கியதும் எல்லாம் நகர்ந்துவிடும்.

இன்னொரு வம்பு: செக்பாக்ஸின் நிலையை நாமே மாற்றினாலும் அதன் லிசனர் ஓடும், பழைய பெயரின் தேர்வைக் கெடுத்துவிடும். முதலில் லிசனரைக் கழற்றுங்கள். நிலையை மாற்றியபின் புதிதாக மாட்டுங்கள்.