களவு போன கார்: காக்க வேண்டியவை எவை?



ஒரு மே மாதத்தின் அதிகாலை நான்கரை மணி. மும்பை செம்பூரில் குடியிருக்கும் நம் சபையின் சகோதரர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "பாஸ்டர், காரைக் காணோம்" என்பதற்கு மேல் அவரால் பேச இயலவில்லை.

விடியுமுன் குடும்பமாகத் திருநெல்வேலிக்குப் புறப்பட வேண்டுமென்று முந்தின இரவே பெட்டிகளையெல்லாம் காரில் ஏற்றிப் பூட்டியிருந்தார்கள். உறவினர் வீட்டுத் திருமணத்துக்கான புடவைகள், மகனுடைய கல்லூரிச் சேர்க்கைக்கான அசல் சான்றிதழ்கள், ஒரு கைபேசி, ஒரு காசோலைப் புத்தகம், எல்லாம் அதற்குள் இருந்தன. நான்கு மணிக்குக் கீழே இறங்கியபோது, கட்டடத்துக்கு வெளியே கார் நின்ற இடம் வெறுமையாக இருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது அந்த வீட்டில் பேச்சு மூன்று திசைகளில் ஓடிக்கொண்டிருந்தது. "இராத்திரியே ஏற்ற வேண்டாம் என்று சொன்னேனே" என்று கணவர் மனைவியைக் கடிந்துகொண்டிருந்தார். "வாட்ச்மேனுக்குத் தெரியாமல் இது நடந்திருக்காது; அவன் பெயரைக் கொடுங்கள் மாப்பிள்ளை" என்றார் மனைவியின் அண்ணன். மூன்றாவதாக, காரின் மாற்றுச் சாவி காருக்குள்ளேயே, டேஷ்போர்டு பெட்டியில் இருந்தது என்பது தெரியவந்தது. "அதை வெளியே சொன்னால் இன்சூரன்ஸ் பணம் வராது. ஒரு டூப்ளிகேட் சாவி செய்து கொடுத்துவிடலாம்" என்றும் அவரே யோசனை சொன்னார். காவல் நிலையத்துக்கு மட்டும் இன்னும் ஒருவரும் போகவில்லை.

திருடன் கொண்டுபோனது ஒரு காரையும் சில பெட்டிகளையும்தான். அதன்பின் ஏற்படும் இழப்புகளில் பல நம்முடைய தாமதத்தாலும், பொய்யாலும், ஒருவர்மேல் ஒருவர் சுமத்தும் பழியாலும் வருகின்றன. அந்த இரண்டாவது இழப்பைத் தடுப்பது நம் கையில் இருக்கிறது. அதைக் குறித்தே இங்கு எழுதுகிறேன்.

முதல் ஒரு மணி நேரம்

முதலாவது, கார் உண்மையாகவே களவு போயிற்றா என்று பாருங்கள். நிறுத்தக் கூடாத இடத்தில் நின்றதால் போக்குவரத்துக் காவலர் இழுத்துச் சென்றிருக்கலாம். தவணை பாக்கி இருந்தால் கடன் கொடுத்த நிறுவனத்தார் எடுத்துச் சென்றிருக்கலாம். இவற்றை விசாரிக்கப் பத்து நிமிடம் போதும்.

களவுதான் என்று தெரிந்தவுடன் 112 என்ற எண்ணுக்கு அழையுங்கள். வண்டி எண், நிறம், மாடல், கடைசியாகப் பார்த்த இடம், நேரம் ஆகியவற்றைச் சொல்லுங்கள். நீங்களே தேடிக்கொண்டு தெருத் தெருவாக அலைய வேண்டாம். களவாடிய வண்டியைக் கொண்டு விபத்தோ வேறு குற்றமோ நடந்தால், விசாரணை முதலில் பதிவுச் சான்றிதழில் உள்ள உரிமையாளரிடமே வரும். நீங்கள் முறையிட்ட நேரம் எழுத்தில் பதிவாகியிருப்பதே அப்போது உங்களுக்குப் பாதுகாப்பு.

ஃபாஸ்டாக் கணக்கிலிருந்து சுங்கச்சாவடிக் கட்டணம் கழிந்ததாகக் குறுஞ்செய்தி வந்தால் அதை அழித்துவிடாதீர்கள். வண்டி எந்தச் சாலையில் போகிறது என்பதற்கு அது துப்பு. முதலில் காவல்துறைக்குத் தெரிவித்து, பின்பு அவர்களைக் கேட்டுக்கொண்டு வங்கியில் சொல்லி அதை முடக்குங்கள்.

காவல் நிலையத்தில்

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் சட்டத்தின் 173-ஆம் பிரிவு நமக்குச் சில உரிமைகளைத் தருகிறது. குற்றம் எந்த எல்லைக்குள் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். மின்னணு வழியாகவும் கொடுக்கலாம். அப்படிக் கொடுத்தால் மூன்று நாட்களுக்குள் நேரில் சென்று கையொப்பமிட வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கட்டணமின்றிப் பெறலாம். நிலையத்தில் பதிய மறுத்தால் கண்காணிப்பாளருக்கு, பெருநகரங்களில் துணை ஆணையருக்கு, எழுத்து மூலமாகத் தபாலில் அனுப்பலாம். அதிலும் பலன் இல்லையெனில் நீதித்துறை நடுவரை அணுகலாம். விசாரணையின் நிலையை 90 நாட்களுக்குள் காவல்துறை நமக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 193-ஆம் பிரிவு கூறுகிறது.

ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு மொழி ஒரு தடை. மும்பையில் அறிக்கை மராத்தியில் எழுதப்படும். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. மராத்தி அறிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். வண்டி எண், எஞ்சின் எண், சேசிஸ் எண் மூன்றும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்த பின்பே கையொப்பமிடுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் பின்பு காப்பீட்டு அலுவலகத்தில் மாதக்கணக்கில் அலைய நேரிடும். காருக்குள் இருந்த பொருட்களின் பட்டியலையும் அதே அறிக்கையில் சேர்க்கச் சொல்லுங்கள். இருந்ததை மட்டும் எழுதுங்கள். இல்லாத நகையைச் சேர்க்க வேண்டாம்.

"நாம் மன்னிக்க வேண்டியவர்கள் அல்லவா, வழக்குப் போடலாமா?" என்று சில விசுவாசிகள் என்னிடம் கேட்பதுண்டு. மன்னிப்பு நம் இருதயத்தைச் சேர்ந்தது. முறையீடு அயலானைக் காக்கும் கடமையைச் சேர்ந்தது. இன்று நம் வாசலில் எடுத்தவன் நாளை வேறொருவர் வாசலுக்குப் போவான். பவுல் அப்போஸ்தலனும் தம் ரோமக் குடியுரிமையை எடுத்துச் சொல்லி நியாயம் கேட்டாரே!

உடன் போன பொருட்கள்

கைபேசி போயிருந்தால் முதலில் சிம் கார்டை முடக்கி, அதே எண்ணில் புதிய சிம் வாங்குங்கள். பின்பு மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில், அறிக்கையின் நகலை இணைத்து, கைபேசியின் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணைக் கொடுத்தால் அக்கருவியை முடக்குவார்கள். அந்த எண் கைபேசி வந்த பெட்டியிலும் ரசீதிலும் இருக்கும். இன்றே உங்கள் கைபேசியில் *#06# என்று அழுத்தி, வரும் எண்ணை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.

வங்கி அட்டைகளையும் காசோலைகளையும் அன்றே நிறுத்தச் சொல்லுங்கள். பணம் மோசடியாக எடுக்கப்பட்டிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே அழையுங்கள். ஆதார் அட்டை போயிருந்தால் 1947 என்ற எண்ணில் உதவி கேட்கலாம். கைரேகைப் பதிவைப் பூட்டிவைக்கவும் வசதி உண்டு. ஓட்டுநர் உரிமமும் பதிவுச் சான்றிதழும் டிஜிலாக்கரில் இருந்தால் அவற்றை உடனே பயன்படுத்தலாம். பள்ளிச் சான்றிதழ்களுக்கு, அறிக்கையின் நகலோடு அந்தந்தத் தேர்வு வாரியத்தில் விண்ணப்பித்து இரண்டாம் படி பெறலாம்.

பலரும் மறந்துவிடும் ஒன்று உண்டு. வீட்டுச் சாவியும், முகவரி உள்ள காகிதங்களும் காருக்குள் இருந்தனவா? இருந்தால் அன்று மாலைக்குள் வீட்டுப் பூட்டை மாற்றிவிடுங்கள்.

காப்பீடு

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே. அதில் களவுக்குப் பணம் கிடையாது. சொந்தச் சேதத்தையும் உள்ளடக்கிய முழுக் காப்பீடு இருந்தால்தான் கிடைக்கும். அப்போதும் நீங்கள் கார் வாங்கிய விலை வராது. பாலிசியில் ஐடிவி என்று குறிக்கப்பட்டுள்ள மதிப்பே கணக்கு. அது ஆண்டுதோறும் குறையும். காருக்குள் இருந்த உடைமைகளுக்கு, அதற்கென்று தனிச் சேர்க்கை எடுத்திருந்தாலன்றிப் பணம் வராது.

பழைய கார் வாங்குவோர் கவனிக்க வேண்டும். வாங்கிய 14 நாட்களுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். முந்தின உரிமையாளர் பெயரிலேயே விட்டுவைத்தவர்கள், களவு நடந்தபோது கையில் ஒன்றும் இல்லாமல் நின்றதுண்டு.

களவு நடந்த அன்றே நிறுவனத்துக்குத் தெரிவித்துவிடுங்கள். ஏதோ காரணத்தால் சில நாள் தாமதமானாலும் மனம் தளர வேண்டாம். காவல்துறையில் உடனே முறையிட்டிருந்தால், நிறுவனத்துக்குத் தெரிவித்ததில் ஏற்பட்ட தாமதத்தை மட்டும் காரணம் காட்டி உண்மையான கோரிக்கையை மறுக்கலாகாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நிறுவனம் கேட்பவை பொதுவாக இவை: முதல் தகவல் அறிக்கை, பாலிசி, பதிவுச் சான்றிதழ், இரண்டு சாவிகள், கையொப்பமிட்ட 28, 29, 30 ஆகிய படிவங்கள், கடன் இருந்தால் 35-ஆம் படிவம், வண்டியைக் கண்டுபிடிக்க இயலவில்லை என்று காவல்துறை நீதிமன்றத்தில் தரும் இறுதி அறிக்கை. இந்த இறுதி அறிக்கையை மகாராஷ்டிரத்தில் 'ஏ சம்மரி' என்பார்கள். இது கிடைக்கச் சில மாதங்கள் ஆகலாம்.

வண்டி பதிவான வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கும் எழுதித் தெரிவிக்க வேண்டும். நம்மில் பலருடைய வண்டிகள் தமிழ்நாட்டு எண்ணோடு இங்கே ஓடுகின்றன. அவர்கள் ஊரில் உள்ள அந்த அலுவலகத்துக்கே பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்த வேண்டும். ஒரு வண்டியை 12 மாதங்களுக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் பதிவை அங்கே மாற்ற வேண்டும் என்பதும் சட்டம்.

கார் போனாலும் கடன் போவதில்லை. தவணையைத் தொடர்ந்து கட்டுங்கள், வங்கிக்கும் எழுதுங்கள். காப்பீட்டுத் தொகை முதலில் கடனுக்கே போகும். மீதிதான் உங்கள் கைக்கு வரும். இடையில் வண்டி அகப்பட்டால் நீதிமன்றத்தில் மனுச் செய்து, பிணைப்பத்திரம் கொடுத்து மீட்கலாம். வண்டிகளைக் காவல் நிலையத்தில் நெடுநாள் நிறுத்தி வைக்கலாகாது என்று 2002-லேயே உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

அந்த மாற்றுச் சாவி

இனி அந்த வீட்டுக்குத் திரும்புவோம். சகோதரர் என்னைத் தனியே அழைத்து, "பாஸ்டர், சாவி விஷயத்தில் நான் என்ன செய்ய?" என்று கேட்டார். கடனில் வாங்கிய கார். கையில் சேமிப்பும் இல்லை. அவருடைய பயம் எனக்கு விளங்கியது.

"தம்பி, உள்ளதைச் சொல்லுங்கள். பணம் குறையலாம், வராமலும் போகலாம். ஆனால் உங்கள் மகன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நிற்கிறான்" என்றேன்.

புதிதாகச் செய்த சாவியைச் சோதனையில் கண்டுகொள்ள இயலும். பொய் வெளிப்பட்டால் உண்மையான கோரிக்கையும் அதோடு மடியும். மறுபக்கம், கவனக்குறைவு என்பதால் மட்டும் எல்லாம் இழந்துபோவதில்லை. 2023-ல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. ஓட்டுநர் சாவியை வண்டியிலேயே விட்டு இறங்கிய வேளையில் லாரி களவு போயிருந்தது. உரிமையாளருக்குக் காப்பீட்டுத் தொகையில் 75 சதவீதம் கொடுக்கும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. நிறுவனம் மறுத்தால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரையும் நுகர்வோர் ஆணையத்தையும் அணுக வழி உண்டு.

வீட்டுக்குள் நடப்பது

தாவீதும் அவனுடைய மனுஷரும் சிக்லாகுக்குத் திரும்பியபோது பட்டணம் எரிந்து, குடும்பங்களும் உடைமைகளும் கொள்ளை போயிருந்தன. பலன் அற்றுப்போகுமட்டும் அழுதார்கள். அதன்பின், கொள்ளையிட்ட அமலேக்கியரை விட்டுவிட்டு, தங்கள் நடுவில் நின்ற தாவீதையே கல்லெறியலாம் என்று பேசிக்கொண்டார்கள். இழப்பின் வேளையில் மனுஷர் கையில் கல் எடுப்பது அருகில் இருப்பவனுக்காகவே. அந்தச் செம்பூர் வீட்டிலும் ஒரு கல் மனைவியை நோக்கியும் இன்னொரு கல் காவற்காரனை நோக்கியும் எழும்பியிருந்தது.

அந்தக் காவற்காரன் பீகாரிலிருந்து வந்தவன். நம்மைப் போலவே பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்தவன். "நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள். சந்தேகத்தை ஒரு பெயராக்கிக் கொடுக்காதீர்கள். கேட்டால், இரவில் காவலில் இருந்தவர் இவர் என்று மட்டும் சொல்லுங்கள்" என்றேன். அப்படியே சொன்னார்கள். எதிர்க் கடையின் கேமராவில், முகம் தெரியாத இருவர் சற்றுத் தொலைவில் காரை எடுப்பது பதிவாகியிருந்தது. வாட்ச்மேன் அவ்வேளை பின்வாசலில் இருந்தார். பெயர் கொடுக்கப்பட்டிருந்தால் அன்று மாலைக்குள் அவர் வேலையும் போயிருக்கும்.

கார் கிடைக்கவில்லை. திருமணத்துக்கும் அவர்களால் போக முடியவில்லை. மாற்றுச் சாவி எங்கிருந்தது என்று சகோதரர் எழுதிக் கொடுத்தார். நிறுவனம் பல கேள்விகள் கேட்டு, பல மாதங்களுக்குப் பின் தொகையில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தது. கடன் அடைந்தது, கையில் சொற்பமே மிஞ்சியது. மகனுக்குச் சான்றிதழ்களின் இரண்டாம் படி வந்தது. அவன் கல்லூரியில் சேர்ந்தான். இப்போது அந்தச் சகோதரர் இரயிலில் நின்றுகொண்டே வேலைக்குப் போகிறார்.

ஒரு ஞாயிறு ஆராதனைக்குப் பின் அவருடைய மனைவி என்னிடம் சொன்னார்: "பாஸ்டர், அன்று காவல் நிலையத்துக்குப் போகும் வழியில் அவர் என் கையைப் பிடித்து, 'உன்மேல் தப்பில்லை' என்று சொன்னார். கார் போனது எனக்கு மறந்துவிட்டது, அது மறக்கவில்லை."

பிரியமானவர்களே, இன்றிரவு உங்கள் பாலிசியை எடுத்துப் பாருங்கள். இரண்டாவது சாவி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். காரில் விட்டிருந்தால் இறங்கிப் போய் எடுத்துக்கொண்டு வாருங்கள்.