தைலவர்ணச் சித்திரமும் ஒளித்து வைத்த வித்தையும்

நமது நாட்டில் வித்தைகள் க்ஷீணித்ததற்கு அந்நிய ஆட்சி ஒன்றையே காரணமாகச் சொல்லித் திருப்தியடைவது நமக்கு வழக்கமாயிருக்கிறது. அது பாதி உண்மையே. வித்தையை அறிந்தவர்கள் அதைப் பிறருக்குச் சொல்லாது ஒளித்ததும் மற்றொரு காரணமென்பதை ரவிவர்மாவின் சரித்திரம் காட்டுகிறது.

1848-ஆம் வருஷம் கிளிமானூரில் பிறந்த அவர், பதினான்காவது வயதில் தம் மாதுலருடன் திருவனந்தபுரம் சேர்ந்தார். ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் ஆதரவு கிடைத்தது, ஆசிரியர்தான் கிடைக்கவில்லை. தைலவர்ண முறையை அறிந்திருந்த அரண்மனைச் சித்திரக்காரர், மதுரை ராமசாமி நாயக்கர், கற்பிக்க மறுத்துவிட்டார். அவருடைய சிஷ்யர் ஆறுமுகம் பிள்ளை இரகசியமாகச் சொல்லிக் கொடுத்தாரென்பர். 1868-இல் அங்கே உருவப்படம் எழுத வந்த தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பியரும் போதித்தாரில்லை; தாம் எழுதுவதைப் பார்த்திருக்க மாத்திரம் இடங்கொடுத்தார். அவ்விதம் கண்ணால் திருடிக் கற்றவருடைய சித்திரம் 1873-இல் வியன்னா பொருட்காட்சியில் பரிசு பெற்றது.

இவ்வளவு பத்திரமாகப் பொத்தி வைத்த இரகசியந்தான் யாது? எண்ணெய் துணியை அரிக்குமாதலால், முதலில் துணிக்குப் பசை பூசி, அதன்மேல் வெள்ளைப் பூச்சிட வேண்டும். ஆளிவிதை எண்ணெய் தண்ணீரைப் போல ஆவியாகி உலர்வதன்று. காற்றிலுள்ள பிராணவாயுவைக் கிரகித்து மெள்ள இறுகுவது. ஆகையால் அடிப்பூச்சில் எண்ணெய் குறைந்தும் மேற்பூச்சில் மிகுந்தும் இருத்தல் அவசியம். இம்முறை மாறினால், அடிப்பூச்சு இறுகுமுன் மேற்பூச்சு இறுகி, நாளடைவில் படம் வெடிக்கும். உருவப்படத்தில் கண்ணையும் மூக்கையும் முதலில் தொடலாகாது. ஒரு பக்கத்திலிருந்து வெளிச்சம் விழும்படி ஆளை உட்காரவைத்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, முகத்தின் ஒளியையும் நிழலையும் பெரும் பகுதிகளாகப் பிரித்து ஒரே வர்ணத்தில் அமைத்துக்கொள்ள வேண்டும். அது சரியாயிருந்தால் சாயல் தானே வரும். அது பிசகினால் எத்தனை வர்ணம் குழைத்தும் பயனில்லை.

இவ்விதிகளைச் சொல்ல ஒரு மாலைப்பொழுது போதும். கை பழகுவதற்கோ பல வருஷங்கள் வேண்டும். அப்படியிருக்க, விதியை ஒளிப்பவன் தன் திறமையைக் காப்பாற்றிக்கொள்வதில்லை. கற்பவனுடைய வருஷங்களையே வீணாக்குகிறான். ரவிவர்மாவுக்கு மகாராஜாவின் தயவும் அரண்மனை வாசமும் இருந்தமையால் அவர் தடையைத் தாண்டினார். அவை இல்லாத எத்தனை ஏழைப் பிள்ளைகள் தூரிகையைக் கீழே வைத்துவிட்டுப் போயினர் என்பதற்கு யாரிடம் கணக்கு இருக்கிறது?

வித்தை கொடுக்கக் குறையாத செல்வமென்று மேடைதோறும் பேசுகிறோம். சித்திரமாயினும் சட்டமாயினும் நெசவாயினும், அறிந்தவர் ஒவ்வொருவரும் ஒரு மாணாக்கனையேனும் அருகில் அமர்த்தி, 'இப்படிச் செய்' என்பதோடு 'ஏன்' என்பதையும் சொல்லட்டும். சுதந்தர தேசத்தில் ஒரு சிறுவன் இரகசியமாகக் கற்க நேர்வதைவிட நமக்கு வெட்கக்கேடு வேறில்லை.