கமராவும் கண்ணியமும்

செய்திப் படம் எடுக்கப் பழகும் இளைஞர் ஒருவர் என்னை நாடி வந்தார். தோளிலே புதிய டிஜிற்றல் கமரா, முகத்திலே வாட்டம். "ஐயா, நல்ல கமரா வாங்கிவிட்டேன். ஆயினும் நல்ல படம் வரவில்லையே!" என்றார். அவரை அழைத்துக்கொண்டு கொச்சிக்கடைக்குப் புறப்பட்டேன். அன்று ஜூன் 13, புனித அந்தோனியார் திருவிழா நாள்.

கொட்டாஞ்சேனையை அடுத்துள்ள அத்திருத்தலத்திலே கத்தோலிக்கர் மட்டுமன்றிச் சைவரும் பௌத்தரும் மெழுகுதிரி ஏற்றி நிற்பதைக் காணலாம். வெளியே வெயிலும் மழையும் மாறிமாறி வரும். உள்ளே மங்கிய ஒளி. வீதியிலே நகரும் சனத்திரள். படம் பயில்வோனுக்கு வேண்டிய சோதனைகள் யாவும் அங்கே ஒருங்கே உண்டு.

முதற் பாடம் வீட்டிலேயே தொடங்க வேண்டும். பற்றரி நிறைந்திருக்கிறதா, மெமரி கார்ட் இரண்டு உண்டா, கமராவின் கடிகாரம் சரியான நேரத்தைக் காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளல் அவசியம். டிஜிற்றல் படம் ஒவ்வொன்றும் தான் பிறந்த நேரத்தைத் தன்னுள்ளே சுமந்து நிற்பதாகையால், பிழையான கடிகாரம் பிழையான சாட்சி சொல்லும். குளிரூட்டிய வாகனத்திலிருந்து கொழும்பின் ஈரக் காற்றுக்கு வந்ததும் வில்லையிலே நீராவி படரும். கால் மணி நேரமாவது கமரா பைக்குள்ளேயே இருந்து வெளிச் சூட்டுக்குப் பழகட்டும்.

வீதியிலே பவனியைப் படம் பிடிக்க ஷட்டர் வேகம் 1/500 விநாடியளவில் இருத்தல் நன்று. ஆலயத்தினுள்ளே 1/125 விநாடிக்குக் கீழே இறங்காமல், ஐ.எஸ்.ஓ. என்னும் ஒளியுணர்வை 1600 அல்லது 3200 வரை உயர்த்தலாம். மணல் தூவினாற் போன்ற புள்ளிகளைப் பொறுத்துக்கொள்ளலாம். அசைந்து குழம்பிய முகத்தை எவ்வாறு பொறுப்பது? மேலும், கமராவின் ஒளிமானி உலகிலுள்ள யாவும் சாம்பல் நிறமென்றே எண்ணுகிறது. வெண்ணிற ஆடை படத்தை நிறைத்தால் அது மங்கிப் போகும். பிளஸ் குறிப் பக்கம் ஒரு படி திருப்புக. இருளிலே ஒற்றைச் சுடர் எரிந்தால் மைனஸ் பக்கம் திருப்புக. வீதி முழுவதும் ஒரு படம், மனிதர் சிலர் ஒரு படம், ஒரு முகமோ கையோ அருகிலே ஒரு படம் என மூன்றும் இருந்தாற்றான் நிகழ்ச்சியின் கதை நிறைவுறும்.

இளைஞர் ஒவ்வொரு படத்தையும் எடுத்தவுடனே திரையிற் பார்த்தார். பிடிக்காதவற்றை அங்கேயே அழித்தார். இரண்டும் ஆகாதவை. திரையை நோக்கியிருக்கும் விநாடியிலேதான் நிகழ்ச்சி நம்மைக் கடந்து போகிறது. இன்று வீணெனத் தோன்றும் படம் நாளை ஆதாரமாகலாம். 1975ஆம் ஆண்டில் கொடாக் நிறுவனத்துப் பொறியியலாளர் ஸ்டீவன் சாசன் அமைத்த முதல் டிஜிற்றல் கமரா ஒரு படத்தைப் பதிய 23 விநாடி எடுத்தது. இன்றைய கமராக்கள் ஒரு விநாடியிலே பத்துப் படங்களும் எடுக்கின்றன. சிந்திப்பதற்கு முன்பே விரல் அழுத்திவிடுவது இந்த வேகத்தால் வந்த வினை.

அவ்வாறே அன்றும் நிகழவிருந்தது. மெழுகுதிரிகளருகே ஒரு முதிய தாய், சிறிய நிழற்படமொன்றை மார்போடு அணைத்தபடி கண்ணீர் வடித்து நின்றார். இளைஞர் கமராவை உயர்த்தினார். நான் அவர் தோளைத் தொட்டேன். 2019 ஏப்ரல் 21ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறு காலையில், இத்திருத்தலத்திலும் நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும் கொழும்பின் ஹோட்டல்களிலும் வெடித்த குண்டுகள் 250க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தன. அங்கே நின்று அழும் ஒருவரை வெறுங் காட்சியாகக் கொள்ளலாகாது.

இளைஞர் காத்திருந்தார். அந்தத் தாய் வேண்டுதலை முடித்ததும் அருகே சென்று அனுமதி கேட்டார். "முகத்தப் படம் புடிக்க வேணாம், மகன். கைய மட்டும் புடிங்க" என்றார் அவர்.

திரும்பும் வழியிலே படத்தின் கீழ் எழுதும் குறிப்பைப் பற்றிப் பேசினோம். யார், எங்கே, எப்போது, என்ன என்பவற்றை அவ்விடத்திலேயே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அத்தாக்குதலை அடுத்துத் தேடப்படுவோரின் படங்களைப் பொலிசார் வெளியிட்டபோது, இலங்கைப் பெற்றோருக்கு அமெரிக்காவிற் பிறந்த மாணவி ஒருவரின் படம் வேறொருத்தியின் பெயரோடு வெளிவந்துவிட்டது. பொலிசார் தவற்றை ஒப்புக்கொண்டு திருத்தினர். அதற்குள் அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்துவிட்டன.

படத்தைத் திருத்துவதிலும் எல்லை உண்டு. வெளிச்சத்தைச் சீராக்கலாம், ஓரத்தை வெட்டலாம். இல்லாததைச் சேர்த்தலும் உள்ளதை நீக்கலும் பொய்யாகும். 2006இல் லெபனான் போரின்போது பெய்ரூத் நகரின் மேலெழுந்த புகையைக் கணினியிற் பெருக்கிக் காட்டிய படப்பிடிப்பாளர் ஒருவரின் 920 படங்களையும் ரோய்ட்டர் செய்தி நிறுவனம் தன் தொகுப்பினின்றும் நீக்கிவிட்டது. ஒரு படத்தின் பொய் ஏனைய படங்களின் மெய்யையும் சேர்த்து அழித்தது.

அன்றிரவே இளைஞர் ஒரு படத்தை எனக்கு அனுப்பியிருந்தார். சுருக்கம் விழுந்த இரு கைகள். அவற்றினிடையே ஒரு சுடர். படம் தெளிவாக இருந்தது. கீழே இடமும் நாளும் நேரமும் மட்டும் எழுதியிருந்தார். அந்தத் தாயின் பெயரை அவர் எழுதவில்லை.