தொழிற் புனர்வாழ்வும் தகுதி அளவுகோலும்

இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்களிலே கொழுந்து பறித்தலும் இறப்பர் மரங்களிற் பால்வெட்டுதலும் கைத்திறனோடு கால்வலிமையும் வேண்டுந் தொழில்கள். சரிவில் நிற்க இயலாத ஒருவருக்கு அவை இயலாதனவாகலாம். அதனால் அவர் எத்தொழிலுக்கும் உதவார் எனல் பொருந்துமா? ஒரு தொழில் இயலாமை வேறு. தொழிலே இயலாமை வேறு. இவ்வேறுபாட்டின்மீது எழுந்ததே தொழிற் புனர்வாழ்வு. ஆற்றலை மதிப்பிடல், வழிகாட்டல், பயிற்றல், வேலையில் அமர்த்தல் என்பன அதன் உறுப்புக்கள்.

இச்சேவைக்கு உரியர் யாவர்? குறையின் காரணம், தன்மை, வயது என்பன நோக்காது யாவருக்கும் இஃது உரியது எனச் சர்வதேசத் தொழில் தாபனம் 1955இல் விதந்துரைத்தது. ஆயினும், தக்க தொழிலைப் பெற்று அதில் நிலைக்க நியாயமான வாய்ப்பிருத்தல் வேண்டும் என்னும் நிபந்தனையையும் சேர்த்தது. கடுங்குறையுடையாரைத் தடுப்பது இந்நிபந்தனையே. வாய்ப்பில்லை என்று பயிற்சி மறுக்கப்படும். பயிற்சியின்மையால் வாய்ப்பும் இல்லாதொழியும்.

ஐக்கிய அமெரிக்கா 1973ஆம் ஆண்டுச் சட்டத்தால் கடுங்குறையுடையாருக்கு முதலிடம் அளித்தது. 1992இற் செய்த திருத்தமோ இன்னும் ஆழமானது. விண்ணப்பிப்பவர் பயன்பெற வல்லவர் என்றே முதற்கண் கொள்ளப்படும். அல்லர் எனின், தெளிவான சான்றுகொண்டு நிறுவுதல் சேவை நிலையத்தின் கடன். நிறுவும் பாரம் வலியவர் தோளுக்கு மாறிற்று.

நம் நாட்டில், 1988ஆம் ஆண்டு அரசாங்கச் சுற்றுநிருபம் அரசாங்க வேலை வெற்றிடங்களில் நூற்றுக்கு 3 வீதத்தை இவர்களுக்கு ஒதுக்கிற்று. உரிய கல்வித் தகைமையும், குறை கடமைக்கு இடையூறாகாமையும் வேண்டுமென்றது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வேலைக்குச் சேர்த்தலிலும் கல்விக்கு அனுமதித்தலிலும் பாரபட்சத்தை விலக்கிற்று. ஆனால், வாழ்க்கைத் தேவைகளை முழுமையாகவோ பகுதியாகவோ தாமே நிறைவேற்ற இயலாதவர் என்றே அச்சட்டம் இவர்களை வரையறுக்கின்றது. ஆகவே ஒருவர் ஓரிடத்தில் தம் இயலாமையையும், மற்றோரிடத்தில் தம் இயலுமையையும் நிறுவ வேண்டியவராகின்றார்.

இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்த ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை இம்முரணுக்கு வழிகாட்டுகின்றது. புனர்வாழ்வு இயன்றவரை விரைவில் தொடங்குதல் வேண்டும். அது தேவையோடு ஆற்றலையும் மதிப்பிட்டு அமைதல் வேண்டும் என்பது அதன் துணிபு.

சீதுவை முதலிய இடங்களிற் சமூக சேவைகள் திணைக்களம் பயிற்சி நிலையங்களை நடத்துகின்றது. லயத்துப் பிள்ளை அவற்றின் வாயிலை அடைதற்குப் பெரும்பாலும் ஆசிரியரின் எழுத்தே முதற்படியாகும். அவ்வெழுத்தில் பிள்ளைக்கு இயலாதது யாதென்பதோடு இயல்வது யாதென்பதையும் நாம் குறித்தல் வேண்டும். தகுதி என்பது அங்கேயே தொடங்குகின்றது.