உங்களுக்குத் தெரியுமா? கடத்தல்காரர்களைக் காட்டிக்கொடுக்கும் யானை லத்தி

ஆப்பிரிக்காவில் தந்தக் கடத்தல் கும்பல்களைத் துரத்தும் ஒரு பெரிய தரவுத்தளம், யானை லத்தியிலிருந்து தொடங்கியது!

யானையின் குடல் சுவரிலிருந்து உதிரும் செல்கள் லத்தியின் மேல் ஒட்டிக்கொண்டு வெளியே வருகின்றன. அந்தச் செல்களிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்தெடுத்து, எந்தப் பகுதி யானைக்கு எந்த மரபணு அடையாளம் என்று கண்டம் முழுமைக்கும் வரைபடம் தயாரித்தது, வாஷிங்டன் பல்கலைக்கழக உயிரியலாளர் சாமுவேல் வாசரின் குழு. பிடிபட்ட தந்தத்தில் சிறு துண்டை வெட்டி ஒப்பிட்டால், யானை எங்கே கொல்லப்பட்டது என்பது தெரிந்துவிடும்.

சரக்குப் பெட்டியைத் திறந்ததும் தந்தங்களை நிறம், அடிப்பகுதியின் விட்டம் ஆகியவற்றைப் பார்த்து ஜோடி சேர்ப்பார்கள். பலவற்றுக்கு ஜோடி கிடைக்காது. இணைத் தந்தம் வேறொரு சரக்கில் போயிருக்கும்! அப்படிப் பிரிந்துபோன ஜோடிகளை டிஎன்ஏ மூலம் பொருத்தியபோது, வேறு வேறு நாட்களில் சென்ற சரக்குகள் ஒரே துறைமுகத்தின் வழியாகப் போனது தெரிந்தது. கென்யாவின் மொம்பாசா, உகாண்டாவின் என்டெபே, டோகோவின் லோமே ஆகிய ஊர்களிலிருந்து இயங்கிய மூன்று பெரிய கும்பல்களை 2018-இல் வெளியான ஆய்வு சுட்டிக்காட்டியது.

அடுத்து, தேடல் சொந்தபந்தங்களுக்கும் விரிந்தது. 2002 முதல் 2019 வரை 49 சோதனைகளில் சிக்கிய 111 டன் சரக்கிலிருந்து 4,320 தந்தங்களைப் பரிசோதித்து, பெற்றோர், குட்டி, உடன்பிறப்பு என உறவுள்ள யானைகளின் தந்தங்களைக் கணினி பொருத்தியது. 2022-இல் வெளியான இந்த முடிவுகளால், தனித்தனியாகத் தோன்றிய வழக்குகளை ஒரே கும்பலோடு இணைக்கப் புலனாய்வாளர்களுக்கு வழி கிடைத்தது.