ஆறு செடிகளும் ஒரு தைலமரத் தோப்பும்

செஞ்சியில் டீக்கடை பெஞ்சில் சற்று நேரம் உட்கார்ந்தால், காகித ஆலைக்குக் கட்டை ஏற்றிப் போகும் லாரி ஒன்றாவது கண்ணில் படும். பக்கத்தில் இருந்தவர் கரும்பும் தைலமரமும் போட்டிருக்கும் விவசாயி. "அழியாத மரம்னா இதுதான் சார். வெட்ட வெட்டத் துளிர்க்குது" என்றார். பாதி சரிதான் என்றேன். மீதிப் பாதிக்கு ஆஸ்திரேலியா வரை போக வேண்டும்.

முதலில், தைலமரம் என்பது ஒரே மரம் இல்லை. யூகலிப்டஸில் எழுநூறுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. அநேகமாக எல்லாமே ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமானவை. நம் பக்கம் அவை வந்த கதை சுருக்கமானது: திப்பு சுல்தான் காலத்தில், 1790 வாக்கில், நந்தி மலைத் தோட்டத்துக்கு வந்தன, 1843-இல் விறகுத் தேவைக்காக நீலகிரிக்கு வந்தன. ஊட்டியில் நிற்பது குளிர் தாங்கும் இனம். நம் செம்மண்ணில் நிற்பது வேறு.

"சரி, அதுல அரிய மரம்னு ஒண்ணு இருக்குமா?" என்று கேட்டார். பலருக்கும் இந்தச் சந்தேகம் வரும். லாரி லாரியாகப் போகிற ஒன்றில் எது அரியது?

இருக்கிறது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் மோங்கர்லோ என்றொரு சிற்றூர். அதைச் சுற்றியுள்ள குளிர்ந்த மேட்டுநிலத்தில், புதர்க்காட்டில், 1985-இல் ஒரு செடியைக் கண்டார்கள். மைக்கேல் கிறிஸ்ப் என்ற தாவரவியலாளர் 1988-இல் அதைத் தனி இனமாக விவரித்து யூகலிப்டஸ் ரிகர்வா என்று பெயரிட்டார். நாம் பார்த்துப் பழகிய உயரமெல்லாம் அதற்கு இல்லை. அடியிலிருந்து பல தண்டுகள் கிளம்பும் புதர். இலைகள் சிறியவை; ஜோடி ஜோடியாக எதிரெதிரே அமைந்து, நுனி பின்பக்கமாக வளைந்திருக்கும். இயற்கையில் அறியப்பட்டவை மொத்தம் ஆறு செடிகள். அதைப் பனியுக மரம் என்றும் சொல்வார்கள். இந்தச் செடிகளின் வயது சில ஆயிரம் ஆண்டுகள் இருக்கலாம் என்பது கணிப்பு.

"ஒரு புதருக்கா?" என்றார். நம்பவில்லை. அவருக்குத் தெரிந்த கரும்பை வைத்தே சொன்னேன். கரும்பை வெட்டியதும் அடிக்கட்டையிலிருந்து மறுதாம்பு வருகிறதல்லவா? இந்தச் செடிக்கும் மண்ணுக்கடியில் கட்டிபோலத் திரண்ட அடிப்பாகம் உண்டு. காட்டுத்தீ மேலே எரித்தாலும், உறைபனி கருக்கினாலும், அந்தக் கட்டியில் உறங்கும் மொட்டுகள் முளைக்கும். நாம் இரண்டு மூன்று மறுதாம்போடு உழுதுவிடுகிறோம். அதை உழ யாரும் இல்லை. மறுதாம்புக்கு மேல் மறுதாம்பாக அதே செடி நின்றுகொண்டிருக்கிறது.

துளிர்ப்பது வேறு, பெருகுவது வேறு. சிக்கல் இங்கேதான். ஆறும் ஒன்றுக்கொன்று தூரமாகச் சிதறிக் கிடக்கின்றன. ஒன்றின் மகரந்தம் இன்னொன்றுக்கு எட்டுவதில்லை. தன் மகரந்தமே தன் பூவில் விழுந்தால் விதை தேறுவது அரிது. அருகிலுள்ள வேறு யூகலிப்டஸின் மகரந்தம் வந்தால் பிறப்பது கலப்பினம். ஆகவே பூக்கிறது, வாழ்கிறது, ஆனால் வாரிசு இல்லை. இப்போது மனிதர்கள் கையாலேயே மகரந்தத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கப் பார்க்கிறார்கள். செடி நிற்கும் இடத்தையும் வெளியே சொல்வதில்லை. பார்க்க வருகிறவரின் செருப்பில் ஒட்டிய சேற்றோடு பைட்டோப்தோரா என்ற வேரழுகல் கிருமி வந்துவிட்டால், அத்தனை ஆயிரம் ஆண்டும் வீண்.

"ஆறு செடிக்கு இவ்வளவு பாடா? என் தோப்புல ஆயிரக்கணக்குல நிக்குதே" என்றார் அவர். கன்று வாங்கும்போது குளோன் நம்பர் சொல்லித்தானே வாங்கினீர்கள் என்று கேட்டேன். ஆமாம் என்றார். பத்ராசலத்தில் ஐடிசி தேர்ந்தெடுத்த குளோன்கள்தான் இந்தப் பக்கமெல்லாம் பெயர்பெற்றவை. ஒரு நல்ல மரத்தின் தளிர்த்துண்டை வேர்விட வைத்து நட்ட தோப்பு, பரம்பரைக் கணக்கில் ஒரே மரம். எண்ணிப் பார்த்தால் ஆயிரம். வித்தியாசம் பார்த்தால் ஒன்று. அங்கே இருப்பதோ ஆறு தனித்தனிப் பிறவிகள். வித்தியாசம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பார்த்துவிட்டோம். 2000-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து பரவிய ஒரு சிறு குளவி தென்னிந்தியத் தைலமரங்களைத் தாக்கியது. இலைக்காம்பிலும் நடுநரம்பிலும் முடிச்சு முடிச்சாக வீங்கியது. சில குளோன்கள் தாங்கின, சில சுருண்டன. சுருண்ட குளோனை நட்ட தோப்பில் எந்த மரத்துக்கும் விதிவிலக்கு கிடைக்கவில்லை.

அவர் சற்று யோசித்துவிட்டு, அந்த ஆஸ்திரேலியச் செடியை நம் செஞ்சிக் கோட்டை ராஜகிரி மலை அடிவாரத்தில் வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டார். வேடிக்கையாகத்தான் கேட்டார். உறைபனிக்குப் பழகியது செஞ்சியின் சித்திரை வெயிலில் என்ன ஆகும்? அதோடு நமக்கே இங்கே ஒரு பழைய காடு உண்டு. பாறை இடுக்குகளிலும் சரிவுகளிலும் வளரும் வறண்ட பசுமைமாறாக் காடு: காசா, வீரை, பாலை, காட்டெலுமிச்சை. தோல்போலத் தடித்த இலை. கோடையிலும் முழுதாக உதிர்க்காது. விறகுக்கு வெட்டி வெட்டி, பல இடங்களில் இவையும் மறுதாம்புப் புதர்களாகவே நிற்கின்றன. மரமாக வளர்ந்த நிலையில் பார்க்க வேண்டுமானால், புதுச்சேரிக்குப் பக்கத்தில் கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டுக்குப் போக வேண்டும். சாமி காடு என்று யாரும் கை வைக்காததால் பிழைத்தது.

மலை ஏறும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள் என்றேன். காசாப் புதரைப் பார்த்ததும் தண்டுகளை எண்ண வேண்டாம். அதன் கீழே விதையிலிருந்து முளைத்த கன்று இருக்கிறதா என்று பாருங்கள். வரப்போரம் நட ஆசையென்றால் வீரையும் காசாவும் வையுங்கள். ஆரோவில் தாவரவியல் தோட்டத்தில் இந்தக் காட்டு மரங்களை விதையிலிருந்தே வளர்க்கிறார்கள். மெதுவாகத்தான் வளரும். ஐந்து வருடத்தில் லாரி ஏற்ற முடியாது. அதைக் கேட்டதும் அவர் முகம் சுருங்கியது. பிறகு, வரப்போரம்தானே, நாலு வைக்கலாம் என்றார்.