வீட்டிலேயே கவர் சாங்: எந்த மைக் வாங்கலாம்? காப்பிரைட் சிக்கல் வருமா? முழு விளக்கம்

கையில் ஒரு செல்போன், மனதில் பிடித்த ஒரு பாட்டு. இது இருந்தாலே கவர் சாங் பாடி யூடியூப்பில் போட்டுவிடலாம் என்ற ஆசை இன்று பலருக்கும் இருக்கிறது. சென்னையில் இருப்பவர் வாடகைக்கு ஸ்டூடியோ பிடித்துவிடலாம். ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் பக்கம் இருப்பவர் என்ன செய்வார்? வீட்டையேதான் ஸ்டூடியோ ஆக்க வேண்டும். அது முடியுமா? மைக்கில் பணத்தைப் போடுவதற்கு முன் என்ன தெரிந்திருக்க வேண்டும்?

வீட்டில் பதிவு செய்தால் தரம் வருமா?

வரும். ஏ.ஆர்.ரஹ்மான் 1989-ல் தன் பஞ்சதன் ஸ்டூடியோவைத் தொடங்கியது கோடம்பாக்கத்தில் வீட்டோடு சேர்ந்த இடத்தில்தான். அமெரிக்கப் பாடகி பில்லி ஐலிஷ், தன் அண்ணனுடன் சேர்ந்து வீட்டு படுக்கையறையில் பதிவு செய்த ஆல்பம் 2019-ல் வெளியானது. 2020-ல் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருது அதற்குத்தான் கிடைத்தது.

மலைக்கு என்ன லாபம்?

ஜவ்வாது மலையின் காவலூரில் 2.34 மீட்டர் விட்டமுள்ள வைணு பாப்பு தொலைநோக்கி 1986 முதல் இயங்குகிறது. நகர வெளிச்சம் இல்லாத இருட்டு வானம் வேண்டும் என்றுதான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். நட்சத்திரம் பார்க்க இருட்டு எப்படியோ, குரலைப் பதிவு செய்ய அமைதி அப்படி. ஹார்ன் சத்தமும் வண்டி இரைச்சலும் குறைவாக இருப்பது நகரத்தில் காசு கொடுத்தாலும் எளிதில் கிடைக்காத வசதி.

ஆனால் தகரக் கூரையில் மழை விழுந்தாலோ, ராத்திரி சில்வண்டு கத்தினாலோ பதிவு கெட்டுப்போகும். காற்றும் மழையும் இல்லாத பகல் நேரமாகப் பார்த்துப் பாடுவது நல்லது.

எந்த மைக், யாருக்கு?

டைனமிக் மைக்: காந்தத்துக்கு நடுவே கம்பிச்சுருள் அசைந்து மின்சாரம் உண்டாவது இதன் முறை. மேடைகளில் நாம் பார்க்கும் ஷ்யூர் எஸ்எம்58 இந்த வகைதான்; 1966-ல் வந்தது, இன்றும் விற்பனையில் இருக்கிறது. தூரத்துச் சத்தத்தை இது அதிகம் இழுக்காது. பக்கத்தில் ஆடு, மாடு, டிவி சத்தம் உள்ள வீட்டுக்கு ஏற்றது.

கண்டென்சர் மைக்: மெல்லிய தகடு ஒன்று அதிர்வதை மின் அழுத்த மாற்றமாகப் பிடிக்கும். மூச்சு, நெளிவு, குழைவு எல்லாம் துல்லியமாக விழும். கூடவே எதிரொலியும் மின்விசிறி சத்தமும் விழும். ஸ்டூடியோ வகை மைக்குகளுக்கு 48 வோல்ட் மின்சாரம் தேவை. அதைத் தர ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற தனிப் பெட்டி வேண்டும். அமைதியான மலைக் கிராமத்து வீட்டுக்கு இது நன்றாகப் பொருந்தும்.

யுஎஸ்பி மைக்: தனிப் பெட்டி தேவையில்லை. லேப்டாப்பில் நேரடியாகச் செருகலாம். கரண்ட் போனாலும் லேப்டாப் பேட்டரியிலேயே ஓடும். தனியாளாகத் தொடங்குபவருக்கு இதுவே வசதி.

காலர் மைக்: ஆயிரம் ரூபாய் அளவிலேயே கிடைக்கும், செல்போனில் செருகலாம். பேச்சுக்கு நல்லது. உச்சஸ்தாயியில் பாடும்போது ஒலி உடைய வாய்ப்புண்டு.

மைக்கை விட முக்கியம் எது?

அறைதான். வெறும் சிமென்ட் சுவரில் குரல் மோதித் திரும்பினால், விலை உயர்ந்த மைக்கிலும் குளியலறையில் பாடியது மாதிரிதான் கேட்கும். பாடுபவருக்குப் பின்னாலும் பக்கத்திலும் கம்பளி, ரஜாய் தொங்கவிடுங்கள். துணி நிறைந்த அலமாரி, அடுக்கி வைத்த சாமை மூட்டை கூட எதிரொலியைக் குறைக்கும்.

- மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண் தூரம் போதும். தூரம் பாதியானால் குரல் ஏறக்குறைய 6 டெசிபல் கூடும். அறையின் இரைச்சல் அப்படியே இருக்கும். ரொம்ப ஒட்டிப் பாடினால் அடிக்குரல் மட்டும் ஊதிப்போகும்.
- ‘ப’ வரும் இடங்களில் காற்று மைக்கில் அடிக்கும். நடுவில் பாப் ஃபில்டர் வைக்கலாம். இல்லாவிட்டால் மைக்கைச் சற்றே பக்கவாட்டில் திருப்பலாம்.
- இசையைக் காதில் கேட்டபடி பாட வயர் உள்ள ஹெட்போன் வேண்டும். புளூடூத்தில் ஒலி தாமதமாக வரும், தாளம் தப்பும்.
- உச்சகட்டச் சத்தத்திலும் அளவு சிவப்பைத் தொடக்கூடாது. உடைந்த ஒலியைப் பிறகு முழுமையாகச் சரிசெய்ய முடியாது.
- எடிட்டிங்குக்கு ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளே போதும்.

காப்பிரைட் வந்தால் என்ன ஆகும்?

பலர் கோட்டை விடுவது இங்கேதான். இந்தியச் சட்டப்படி வரிகளுக்கும் மெட்டுக்கும் உரிமை, படைத்தவரின் ஆயுட்காலமும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும் உண்டு. 2012 திருத்தத்தில் வந்த 31சி பிரிவு கவர் பதிவுக்கு வழி தருகிறது. ஆனால் முதல் பதிவு வந்து ஐந்து காலண்டர் ஆண்டுகள் முடிந்திருக்க வேண்டும். முன்கூட்டியே அறிவிப்பும் ராயல்டியும் தர வேண்டும். அந்தப் பிரிவு ஒலிப்பதிவுக்கானது. காட்சியோடு வீடியோவாகப் போட தனி அனுமதி தேவைப்படும்.

யூடியூப்பில் ‘கிளெய்ம்’ வேறு, ‘ஸ்ட்ரைக்’ வேறு. கிளெய்ம் வந்தால் பெரும்பாலும் விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போகும், வீடியோ இருக்கும். 90 நாளில் மூன்று ஸ்ட்ரைக் வந்தால் சேனலே பறிபோகலாம். இணையத்தில் கிடைக்கும் கரோக்கி டிராக்கும் இன்னொருவரின் சொத்துதான். கிடாரோ கீபோர்டோ நீங்களே வாசித்தால் அந்த ஒரு சிக்கலாவது குறையும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. ஆசிரியர் பெயர் தெரியாமல் தலைமுறை தலைமுறையாக வரும் நாட்டுப்புறப் பாட்டின் மெட்டுக்குத் தனி உரிமையாளர் கிடையாது. இன்னொருவர் செய்த பதிவை எடுக்காமல், ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுக் கற்று, அவர்கள் சம்மதத்தோடு பாடலாம். எழுதி வைக்கப்படாத பாட்டு, பாடுபவரோடு போய்விடும். அதைப் பதிய விலை உயர்ந்த மைக்குக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. இருக்கிற செல்போனும் அமைதியான ஒரு அறையும் போதும்.